ஜப்பானிய மொழியில் காதலைச் சொல்லுதல்

ஜப்பானிய மொழியில் காதலைச் சொல்ல முதலில் பழக வேண்டிய சொல் ‘ஸ்கி’. தமிழில் ‘பிடிக்கும்’, ‘பிடித்திருக்கிறது’ என்ற இரண்டும் செய்யும் வேலையை அது ஒன்றே செய்கிறது. பலாப்பழம் பிடிக்கும் என்பதற்கும், மழை பிடிக்கும் என்பதற்கும், ஒருவரிடம் மனதைத் திறந்து காட்டுவதற்கும் இதே சொல்தான். இதைக் கேட்டதும் சொல் சிறியதாயிற்றே, காதலுக்குப் போதுமா என்ற ஐயம் எழலாம். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ பெண் பார்த்துத் திரும்பியபின் ‘பிடிச்சிருக்கு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு குடும்பங்களின் முடிவு நிற்கிறது. அந்தச் சொல்லை யாரும் குறைவாக எண்ணுவதில்லை. ‘ஸ்கி தெஸ்’ என்பதன் கனமும் ஏறக்குறைய அதுவே.

இலக்கணத்திலும் தமிழ் கற்றவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ‘ஸ்கி’ வினைச்சொல் அன்று. ஒரு நிலையைக் குறிக்கும் பெயரடை. ‘வத்தஷி வ இன்னார் க ஸ்கி தெஸ்’ என்ற வாக்கியத்தில் உணர்கிறவர் ‘வ’ என்ற உருபோடு பேச்சின் தலைப்பாக ஒதுங்கி நிற்கிறார். பிடித்தவர் ‘க’ என்ற எழுவாய் உருபோடு நடுவில் வருகிறார். ‘எனக்கு இந்த ஊர் பிடிக்கும்’ என்ற தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் இதற்கு மிக நெருக்கமானது. ‘எனக்கு’ நான்காம் வேற்றுமையில் ஒதுங்குகிறது. ‘ஊர்’ உருபின்றி நிற்கிறது. ஆனால் ஆளைப் பற்றிப் பேசும்போது தமிழில் ‘உன்னை’ என்று ஐ உருபு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஜப்பானியத்திலும் செயப்படுபொருள் உருபான ‘ஒ’வைச் சேர்க்கத் தோன்றும். தொடக்க நிலையில் அதைத் தவிர்த்து ‘க’வையே கைக்கொள்வது நல்லது.

உண்மையான பேச்சில் ‘நான்’, ‘நீ’ இரண்டுமே பெரும்பாலும் வாராது. ‘பிடிச்சிருக்கு’ என்பதில் யாருக்கு, யாரை என்று சொல்லாமலே விளங்குவது போல, ‘ஸ்கி தெஸ்’ மட்டும் போதும். காதல் என்ற பொருள் ஐயமில்லாமல் விளங்க வேண்டுமானால் பெயருக்குப் பின் ‘நொ கொத்தொ’ சேர்ப்பது வழக்கம்: ‘இன்னார்-ஸன் நொ கொத்தொ க ஸ்கி தெஸ்’. அந்த ஆளைச் சேர்ந்த எல்லாமும் என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. வாக்கியமும் மென்மையாகிறது. இந்த நூல் பரிந்துரைக்கும் முதல் வாக்கியம் இதுதான்.

ஒலிப்பு

குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குப் பிறவியிலேயே பழக்கம். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தனித்தனியே கேட்கும் காது ஜப்பானியத்துக்குப் பெரிய துணை. இடர் வருவது வல்லினத்தில். தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். ஜப்பானியத்தில் அப்படி மெலிந்தால் வேறு சொல்லாகிவிடும்: ‘சுகி’ என்று மென்மையாகச் சொன்னால் அது ஒரு மரத்தின் பெயர். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ‘ஸ்கி’ என்று எழுதப்படுகிறது. பேச்சிலும் அங்கே உகரம் கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. நடுவில் வல்லொலி வரவேண்டிய இடங்களில் ‘கொத்தொ’ என்பது போல எழுத்து இரட்டித்துத் தரப்பட்டிருக்கிறது. ஒலிக்கும்போது ஒற்றை அளவே போதும். ‘த்ஸ்கியத்தெ’, ‘ச்சொத்தொ’, ‘இத்தெ’, ‘கெக்கொன்’ போன்றவற்றில் மட்டும் உண்மையாகவே நிறுத்தி ஒலிக்க வேண்டும். ‘தெஸ்’, ‘தைஸ்கி’ ஆகியவற்றின் தகரம் ‘தயவு’ என்பதில் வருவது போன்றது. ‘க’ என்ற உருபு ‘கீதை’யில் வரும் ககரம். எழுத்துகள் கற்றபின் இந்தத் தமிழ் வடிவங்களைக் கைவிட்டு ஹிரகானாவிலேயே படிப்பது சிறந்தது.

இரண்டு இணைகளை மட்டும் தனியே பயிற்சி செய்தாக வேண்டும். ‘கிரே’ என்றால் அழகு. ‘கிராய்’ என்றால் வெறுப்பு. ‘கவாயீ’ என்றால் கொஞ்சத்தக்க அழகு. ‘கொவாய்’ என்றால் அச்சமூட்டுவது. பாராட்ட வந்தவர் வாய் தவறினால் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும்.

சொற்களின் கனம்

‘ஸ்கி’க்கு ஒரு படி மேலே ‘தைஸ்கி’: மிகவும் பிடிக்கும். இது குழந்தைகளிடமும் நண்பர்களிடமும் தாராளமாகப் புழங்கும் சொல்லாதலால் கனத்தைவிடக் கொஞ்சலே மிகுதி. அதற்கும் மேலே ‘ஐஷ்தெரு’. அகராதிகள் காதலிக்கிறேன் என்று பொருள் தருவது இதற்குத்தான். திரைப்படத்திலும் பாட்டிலும் அடிக்கடி கேட்பதால் கற்பவர் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஆனால் அன்றாட வாழ்வில் ஜப்பானியர் இதை மிக அரிதாகவே சொல்கிறார்கள். பல ஆண்டு சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியர் ஒருமுறைகூடச் சொல்லாமல் இருப்பதுண்டு. ‘ஐ’ என்ற சொல் பழைய பௌத்த வழக்கில் பற்று, ஆசை என்ற கட்டுக்களைக் குறித்தது. 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் மேலை இலக்கியங்களை மொழிபெயர்த்தவர்கள் கையில்தான் அது இன்றைய காதற்பொருளை நிலையாகப் பெற்றது. இன்னும் அதில் எழுத்துமொழியின் விறைப்பு இருக்கிறது.

குன்மா மாநிலத்தில் த்ஸுமகொயி என்றொரு ஊர் உண்டு. பெயரின் எழுத்துகளே ‘மனைவி’, ‘காதல்’ என்று அமைந்தவை. முட்டைக்கோஸ் விளைச்சலுக்குப் பேர் போனது. 2006 முதல் அங்கே முட்டைக்கோஸ் வயல் நடுவே கணவர்கள் நின்று மனைவியின் மீதுள்ள அன்பை உரக்கக் கத்திச் சொல்லும் நிகழ்ச்சி நடக்கிறது. அன்பை வெளிப்படச் சொல்வதற்கென்று ஒரு வயலும் ஒரு விழாவும் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அன்றாட வழக்கு எப்படிப்பட்டது என்று அறியலாம். ஆகவே பழகத் தொடங்கிய காலத்தில் ‘ஐஷ்தெரு’ வேண்டாம். அது கேட்பவரை மகிழ்விப்பதைவிடத் திகைக்கவைக்கும் வாய்ப்பே அதிகம்.

சொல்லின் முடிவும் உறவின் தூரத்தைக் காட்டும். ‘ஸ்கி தெஸ்’ மரியாதை. ‘ஸ்கி த யொ’ நெருக்கம். ‘பிடிச்சிருக்குங்க’, ‘பிடிச்சிருக்கு’ என்ற வேறுபாடு போன்றது இது. முதன்முறை சொல்லும்போது நாள்தோறும் நெருக்கமாகப் பேசிக்கொள்பவர்கள்கூட ‘தெஸ்’ வடிவுக்கு மாறுவதுண்டு. அந்த மாற்றமே, வருவது விளையாட்டுப் பேச்சில்லை என்று உணர்த்திவிடும். ஒசாகா வட்டாரத்தில் ‘ஸ்கி ய நென்’ என்றும், ஹக்கத்தா வட்டாரத்தில் ‘ஸுயித்தோ யொ’ என்றும் சொல்வார்கள். எதிரே இருப்பவர் அந்த ஊர்க்காரரானால் மட்டும் இவற்றைக் கையாளலாம்.

மனதைத் திறப்பது

ஜப்பானில் காதல் உறவு எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பம் குறைவு. ஒருவர் மற்றவரிடம் முறையாகச் சொல்ல வேண்டும். இதற்கு ‘கொக்குஹக்கு’ என்று பெயர். வாக்கியம் இரண்டு பகுதி கொண்டது: ‘ஸ்கி தெஸ். த்ஸ்கியத்தெ குதசாய்.’ பிடித்திருக்கிறது, என்னோடு பழகுங்கள் என்பது பொருள். சேர்ந்து சாப்பிட்டதும் ஊர் சுற்றியதும் எத்தனை முறை நடந்திருந்தாலும், இது சொல்லப்படும் வரை பெரும்பாலோர் காதலர் என்று தம்மைக் கருதுவதில்லை. சொல்ல வேண்டிய இடம் தனிமையும் அமைதியும் உள்ளதாக இருக்கட்டும். பலர் முன்னிலையில் மண்டியிட்டுச் சொல்லும் திரைக்காட்சி அங்கே எதிராளியைச் சங்கடத்தில் மாட்டிவிடும்.

சம்மதமானால் ‘யொரொஷிக்கு ஒனெகாய் ஷிமஸ்’ என்ற விடை வரும். மறுப்பைக் கண்டுகொள்ளத்தான் கற்பவருக்குக் கவனம் தேவை. ‘கொமென் நசாய்’ என்றால் மன்னியுங்கள். அது தெளிவான மறுப்பு. ‘ச்சொத்தொ…’ என்று இழுத்து நிறுத்தினால் அதுவும் மறுப்புதான். நண்பராகவே இருப்போம் என்பதும் மறுப்பே. யோசிக்க நேரம் கேட்டால் நேரம் கொடுக்க வேண்டும். நாள்தோறும் நினைவூட்டக் கூடாது. விடாமல் பின்தொடர்ந்து மனதை மாற்றும் நாயகர்களைத் திரையில் பார்த்து வளர்ந்த இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு முதல் பின்தொடர்தலுக்கு எதிரான தனிச்சட்டம் நடைமுறையில் உள்ளது. காத்து நிற்பது, மறுத்தபின்னும் சந்திக்க வற்புறுத்துவது, மீண்டும் மீண்டும் அழைப்பது ஆகியவை அதன்கீழ்க் குற்றமாகலாம். பிற்காலத் திருத்தங்கள் மின்னஞ்சலையும் சமூக ஊடகச் செய்திகளையும் அதற்குள் கொண்டுவந்தன. மறுப்பைக் கேட்டதும் நன்றி சொல்லி விலகுவது நாகரிகம்; அங்கே அது சட்டமும்கூட.

அன்றாடப் பேச்சில் அன்பு

சேர்ந்தபின் அன்பைச் சுமப்பது ‘ஸ்கி’கூட அன்று, சாதாரணமான சில விசாரிப்புகள். ‘கொஹன் தபெத்தா?’ என்றால் சாப்பிட்டாயா. ‘கி ஒ த்ஸுக்கெத்தெ நே’ என்றால் பார்த்துப் போ. ‘முரி ஷினாய்தெ நே’ என்றால் உடம்பை வருத்திக்கொள்ளாதே. வேலை முடிந்து வந்தவரிடம் ‘ஒத்ஸுக்கரெசமா’. தூங்கப் போகுமுன் ‘ஒயசுமி’. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் வெளியூர் வேலைக்குக் கிளம்பும் கணவனிடம் ‘சாப்பிட்டுப் போங்க, இறங்கினதும் போன் பண்ணுங்க’ என்று சொல்லும் பெண் காதல் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. ஜப்பானிய மனைவியும் அதே இடத்தில் அதே வகைச் சொற்களைத்தான் சொல்வாள்.

வீட்டு வாசலில் இந்த ஒற்றுமை இன்னும் நெருங்குகிறது. கிளம்புகிறவர் ‘இத்தெ கிமஸ்’ என்பார்: போய்விட்டு வருகிறேன். இருப்பவர் ‘இத்தெரஷ்ஷாய்’ என்பார்: போய்விட்டு வாருங்கள். ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று திருத்தும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதன் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தவர் ‘ததாய்ம’ என்பார். உள்ளிருந்து ‘ஒக்கயெரி’ என்ற வரவேற்பு கேட்கும். சேர்ந்து வாழ்பவர்கள் இந்த நான்கையும் ஒருநாள்கூட விடாமல் சொல்வது, ‘ஐஷ்தெரு’வை நூறுமுறை சொல்வதைவிட மேலானது.

பிரிந்திருக்கும் ஏக்கத்துக்கு ‘ஐத்தாய்’: பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இந்தச் சொல்லில் ஓர் இலக்கண வரம்பு உண்டு. ‘ஐத்தாய்’ என்று தன் உணர்வைத்தான் நேராகச் சொல்லலாம். அடுத்தவர் மனதுக்குள் புகுந்து சொல்ல மொழி இடம் தராது. ‘அம்மாவுக்கு உன்னைப் பார்க்கணுமாம்’ என்று தமிழில் ‘ஆம்’ சேர்ப்பது போல, அங்கே ‘ஐத்தகத்தெ இரு’ என்று, பார்க்க ஏங்குவதாகத் தெரிகிறது என்ற வடிவுக்கு மாற வேண்டும்.

பெயரும் அழைப்பும்

‘அனத்தா’ என்றால் நீங்கள் என்று பாடநூல்கள் கற்பிக்கும். காதலரிடம் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. அறிமுகமில்லாதவரிடம் பேசும் ஒதுக்கமோ, குற்றம் சாட்டும் தொனியோ வந்துவிடும். மனைவி கணவனை ‘அனத்தா’ என்று அழைக்கும் பழைய வழக்கு மட்டும் விதிவிலக்கு. அது ‘என்னங்க’ என்பதற்கு இணை. பெயர் சொல்லி அழைப்பதே முறை. பெயரோடு சேரும் ஒட்டுதான் உறவின் அளவுகோல். தொடக்கத்தில் குடும்பப் பெயரும் ‘ஸன்’னும். நெருங்கியபின் சொந்தப் பெயரும் ‘ஸன்’னும். அதற்கும் பிறகு ‘ச்சன்’ அல்லது ‘குன்’. கடைசியில் ஒட்டில்லாத வெறும் பெயர். வெறும் பெயரால் அழைப்பதற்கு முன் அனுமதி கேட்பது வழக்கம். அந்த அனுமதி கிடைக்கும் நாளைக் காதலர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ‘ஒமயெ’ என்ற முன்னிலைச் சொல்லை அனிமேயில் கேட்டுப் பழகியவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பலர் காதில் அது முரட்டுத்தனம்.

குழந்தை பிறந்தபின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றே கூப்பிடத் தொடங்குவதும் அங்கே பரவலான வழக்கம்.

பொருளின் வழியாக

உணர்வைப் பொருளின் மீது ஏற்றிச் சொல்வது ஜப்பானியக் காதற்பாட்டின் முதுகெலும்பு. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு 20 தொகுதிகளில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் கொண்டது. அதன் 11, 12ஆம் தொகுதிகள் காதற்பாடல்களை, மனதை நேரே உரைப்பவை என்றும் ஒரு பொருளை முன்னிட்டு உரைப்பவை என்றும் பிரித்துக் காட்டுகின்றன. உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் பேசுவதைப் படித்தவர்களுக்கு இந்தப் பகுப்பு அந்நியமாகத் தோன்றாது.

புதுக்கோட்டை மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ஒல்லையூரை இம்மாவட்டத்து ஒலியமங்கலம் என்று ஆய்வாளர்கள் கொள்வர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றின் 242ஆம் பாட்டில் புலம்பல் நேரடியாக வருவதில்லை. சூடுவாரற்ற நாட்டில் பூத்த முல்லையிடம் கேட்கும் கேள்வியாக வருகிறது. ‘ஒல்லையூர் தந்த’ என்ற அடைமொழி பெற்ற பூதப்பாண்டியன் 71ஆம் பாட்டில் வஞ்சினம் கூறும்போது, பகைவரை வெல்லாவிட்டால் தனக்கு நேரட்டும் என்று முதலில் வைப்பது மனைவியைப் பிரிவதைத்தான். காதலிக்கிறேன் என்ற பேச்சே அதில் இல்லை. அவள் எவ்வளவு வேண்டியவள் என்பதில் ஐயமும் இல்லை. ஜப்பானிய நண்பருக்கு இதை விளக்க விரும்புவோர் தகஹாஷி தகனோபுவின் மொழிபெயர்ப்புகளை நாடலாம். திருக்குறளை 1999இலும், எட்டுத்தொகைப் பாடல்களின் தேர்வை 2007இலும் அவர் ஜப்பானியத்தில் தந்திருக்கிறார். காமத்துப்பாலின் 250 குறள்களையும் அவர்கள் மொழியிலேயே படிக்கக் கொடுப்பதைவிடச் சிறந்த காதற்பரிசு ஒரு தமிழரிடம் இருக்க முடியாது.

இதே மரபில் இன்று எல்லோரும் அறிந்தது ‘நிலா அழகாக இருக்கிறது’ என்ற வாக்கியம். நாவலாசிரியர் நத்ஸுமே ஸோசெக்கி (1867–1916) காதல் மொழிக்கு இதையே மொழிபெயர்ப்பாகச் சொன்னார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. அவருடைய எழுத்துகளில் அதற்குச் சான்றில்லை. இருந்தும் கதை தெரிந்த இருவருக்குள் அது அழகான குறிப்பாகிறது. முதன்முறை மனதைத் திறக்க மட்டும் இதை நம்ப வேண்டாம். வானத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடலாம்.

பொருளாகவே கொடுப்பதற்கும் முறை உண்டு. பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். காதலுக்குரியது ‘ஹொன்மே’, அலுவலகக் கடமைக்கானது ‘கிரி’. கையில் கிடைத்தது எது என்று தெரியாமல் பதில் சொல்லக் கூடாது. ஆண்கள் திருப்பித் தரும் நாள் மார்ச் 14. இனிப்பு உற்பத்தியாளர்களின் முயற்சியால் 1980இல் தொடங்கியது. பூக்களில் கவனம் வேண்டும். கீரமங்கலம் சந்தைக்குக் கூடைகூடையாக வரும் பூவைச் சரமாக்கித் தலையில் வைத்துவிடுவது நமக்கு உரிமையின் அடையாளம். ஜப்பானில் அந்த வழக்கமே இல்லை. வெள்ளைச் செவ்வந்தி அங்கே சாவுவீட்டுப் பூ. எண்களில் நான்கும் ஒன்பதும் சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும் ஒலியுடையவையாதலால் அந்த எண்ணிக்கையில் பரிசுப்பொருள் தருவதில்லை. ஜூலை 7 தனபாத்தா விழா: ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சந்திக்கும் இரண்டு விண்மீன்களின் காதல் கதை அதன் அடிப்படை. நெசவுப்பெண்ணாக அவர்கள் காண்பது நம் அபிஜித். மாடு மேய்ப்பவன் திருவோணம். பிரிந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுத அந்த நாள் பொருத்தமானது.

தூரத்திலிருந்து

2017இல் தொழில்நுட்பப் பயிற்சியாளருக்கும், 2021இல் குறிப்பிட்ட திறன் பெற்ற பணியாளருக்கும் இந்தியாவும் ஜப்பானும் உடன்பாடு செய்துகொண்டபின் ஜப்பானிய மொழி படித்துப் போகும் வழி விரிந்திருக்கிறது. திறன் பணியாளருக்கு வேண்டிய, ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் என்4 நிலை அறிவே இந்த அத்தியாயத்து வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் போதும். பிரிந்திருக்கும் காதலர்கள் நேர வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஜப்பான் மூன்றரை மணி நேரம் முந்தியது. புதுக்கோட்டையில் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பும் செய்தி டோக்கியோவில் நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் போய்ச் சேரும். அங்கே பெரும்பாலோர் பயன்படுத்தும் செயலி லைன். படித்துவிட்டார் என்ற குறி ‘கிதொக்கு’ என்று தோன்றும். குறி தோன்றியும் உடனே பதில் வராவிட்டால் வேலை நேரம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. விளக்கம் கேட்டு அடுக்கடுக்காகச் செய்தி அனுப்புவது உறவைச் சோர்வடையச் செய்யும்.

திருமணப் பேச்சு

நேரான வாக்கியம் ‘கெக்கொன் ஷ்தெ குதசாய்’: என்னைத் திருமணம் செய்துகொள்ளுங்கள். ‘ஸுத்தொ இஷ்ஷொ நி இத்தாய்’, அதாவது எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது சற்றுத் தணிந்தது. நாள்தோறும் எனக்கு மிசோ சூப் வைத்துத் தருவாயா என்ற பழைய ஆண்மொழி இன்று பல பெண்களுக்கு ஏற்புடையதன்று. சமையலைப் பெண் தலையில் கட்டும் அந்த வாக்கியத்தைக் கற்காமலே விடலாம். பெற்றோரைக் காணச் செல்லும்போது ‘தெஸ்’, ‘மஸ்’ முடிவுகள் ஓரிடத்திலும் தவறக் கூடாது. பெரியோர் பேசி முடிக்கும் ‘மிஆய்’ திருமணங்களைக் காதல் திருமணங்கள் எண்ணிக்கையில் முந்தியது 1960களின் பிற்பகுதியில்தான். ஆகவே அந்தப் பெற்றோரின் பெற்றோர் நம் ஊர்ப் பெரியவர்களைப் போன்றே பெண் பார்த்து மணந்தவர்களாக இருக்கக்கூடும்.

ஜப்பானியர் இருவர் மணந்தால் ஒரே குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வெளிநாட்டவரை மணப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திருமண வாழ்த்திலும் அழைப்புக் கடிதத்திலும் சில சொற்கள் விலக்கு: அறுதல், பிரிதல், முடிதல், திரும்பிப் போதல். மறுமணத்தை நினைவூட்டும் ‘மீண்டும் மீண்டும்’ போன்ற இரட்டைச் சொற்களும் கூடா. திருமண அணிச்சலைக்கூட அங்கே வெட்டுவதாகச் சொல்லாமல், கத்தியை உள்ளே விடுவதாகவே சொல்வார்கள்.